பனியாற்றுக்குக் கட்டிக்கொண்டு போன சோறு

சிலி நாட்டின் தென்கோடியில் காற்று பலமாக அடிக்கும் என்று மருமகன் போனில் சொன்னபோது எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. ஆடி மாதத்தில் தொப்பூர் கணவாயில் ஸ்கூட்டர் ஓட்டியவன் நான். பூன்டா அரீனாஸ் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த மறுகணம் என் தொப்பி என்னைக் கேட்காமல் கடலை நோக்கிப் புறப்பட்டது. அதைத் துரத்திப் பிடித்து, மண்ணைத் தட்டி, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டியவர் என் சம்பந்தி மாதையன். பக்கத்தில் நின்ற என் மகள் தேன்மொழி கை தட்டினாள். இரண்டு நாள் பறந்து வந்தவன் நான். கைதட்டல் அவருக்கு.

மாதையனுக்குக் கம்பைநல்லூரில் புளி மண்டி. என்னைவிட மூத்தவர். ஆனால் தலைமுடி ஒன்றும் உதிரவில்லை, முழங்காலில் ஒரு வலி இல்லை. எனக்கு முன்பே வந்து மகன் வீட்டில் தங்கியிருந்தார். பேரக்குழந்தை பிறக்கும்வரை இருப்பதாகத் திட்டம். சம்பந்தியம்மா அடுத்த மாதம் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்த மகன்தான் என் மருமகன் சக்திவேல், காற்றாலைப் பொறியாளர். நமக்குத் தொப்பியைப் பறிக்கும் காற்று அவருக்கு மாதச் சம்பளம்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பெண்ணை அழைத்துவரப் போனேன். தேன்மொழிக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. ஐந்தோ ஏழோ, ஒற்றைப்படையில் சோற்று வகைகளைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டார் போக வேண்டும். சம்பந்திகள் முன்னிலையில் பெண் அதைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அனுப்ப மாட்டேன் என்று சொல்ல மாப்பிள்ளை வீட்டாருக்கு அதிகாரம் கிடையாது. மேல்முறையீடும் கிடையாது. கட்டுச்சோறு என்று பெயர். தாசில்தாராக ஓய்வு பெற்ற என் அனுபவத்தில், இத்தனை ஓட்டையில்லாத விதியை அரசாங்கம்கூட எழுதியதில்லை.

என் மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அதைக் காரணமாக வைத்து என் உரிமை சம்பந்தி வீட்டுக்குக் கைமாறப் பார்க்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இண்டூரில் என் அக்கா இருக்கிறாள். மூன்று மகள்களுக்குப் பிரசவம் பார்த்தவள், இவளுக்கும் பார்ப்பாள். எத்தனை மாதம்வரை கர்ப்பிணிகளை விமானத்தில் ஏற்றுவார்கள், எந்த மருத்துவரின் சான்று எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். போனில் கேட்டபோதெல்லாம் மகள் "பாக்கலாம்ப்பா" என்றாள். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு இல்லை என்று பொருள். தகப்பனாக இருந்ததால் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா செய்துகொடுத்த புளிக்காய்ச்சலை மூன்று உறை போட்டுக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். சாந்தியாகோ விமான நிலையச் சோதனையில், கொண்டுவந்த தின்பண்டம் அத்தனையையும் சட்டப்படி வாய்விட்டுச் சொன்னேன். சீருடை அணிந்த பெண் புளிக்காய்ச்சல் மூடியைத் திறந்து முகர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்துப் போகச் சொன்னாள். கொள்ளுப் பயறையும் கேழ்வரகு மாவையும் பறிமுதல் செய்தாள். விதி விதிதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று ராத்திரி மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் களி உருண்டை வந்தது. மாவு ஏது என்றேன்.

"நான் கொண்டாந்தன் சம்பந்தி" என்றார் மாதையன். "என்னமோ கேட்டாங்க. சிரிச்சன். போவச் சொல்லிட்டாங்க."

களி நன்றாக இருந்தது. அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் மலைக்குக் கிளம்பினோம். குழந்தை பிறப்பதற்கு முன் பனியாற்றுப் பக்கம் ஒரு தடவை போய்வர வேண்டும் என்பது தேன்மொழியின் ஆசை. அவளும் சக்திவேலும் படகில் போய் ஏரிக்கரை விடுதியில் தங்குவது, சம்பந்திகள் நாங்கள் இருவரும் வழிகாட்டியோடு பனியாறுவரை நடந்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. வழியெல்லாம் மஞ்சள் புல். மரம் என்று நின்றவை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பவை போல நின்றன. ஒட்டகத்துக்கும் மானுக்கும் பிறந்தது போன்ற குவனாக்கோ என்ற விலங்கு சாலையோரம் மேய்ந்தது. நம் ஊர்ச் சாலையில் எருமை தரும் அளவு மரியாதையைக்கூட அது எங்கள் வண்டிக்குத் தரவில்லை.

வாடகை வண்டியில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது கதவை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் திறக்க வேண்டும் என்று. அதை நான்தான் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். ஓர் ஏரிக்கரையில் வண்டி நின்றதும், ஒரு கையில் கேமராவோடு கதவைத் திறந்தவனும் நான்தான். காற்று கதவைப் பிடுங்கி முன் சக்கரத்தோடு மோதியது. கீல் வளைந்துவிட்டது. அதன்பின் கதவு சாத்த வரவில்லை. மீதித் தூரம் முழுவதும் மாதையன் என் இடத்தில் உட்கார்ந்து கதவை இழுத்துப் பிடித்தபடி, ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு வந்தார்.

"மாமா மட்டும் இல்லைன்னா என்னாயிருக்கும்?" என்றாள் மகள்.

கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஒரே ஓர் ஆறுதல் எனக்கு உண்டு. அவரை அவள் "வாங்க, போங்க" என்கிறாள். என்னை நீ என்கிறாள். அந்த நீ என் தனிச் சொத்து.

படகு ஏரியைக் கடந்தபோது மலைகள் ஒவ்வொன்றாக முகம் காட்டின. மேலே கறுப்பு, கீழே வெளுத்த கல், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை. எங்கள் துறையில் இத்தனை சுத்தமான எல்லைக் கோட்டை நான் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் பனி இந்த மலைகளின் மேல் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து பள்ளத்தாக்குகளைக் குடைந்ததாம். அடியில் அவை கூராக இல்லை. தூளி தொங்குவது போல வளைந்து கிடக்கின்றன. அந்த அழகைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது வியப்பு இல்லை, வயிற்றெரிச்சல். எங்கள் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தால் பல் பழுப்பேறும். குடிநீருக்காக நான் உட்கார்ந்த ஆய்வுக் கூட்டங்களுக்குக் கணக்கில்லை. இங்கே ஓடையில் குனிந்து அப்படியே அள்ளிக் குடிக்கிறார்கள். கேட்பாரில்லை. ஆய்வுக் கூட்டமும் இல்லை.

விடுதியில் இரவு பருப்பு சூப்பும் மாக்கரோனியும். உப்பு குறைவு, காரம் கிடையாது, விலை மட்டும் உறைப்பு. நீண்ட மேசையில் எல்லா நாட்டுக்காரர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பக்கத்திலிருந்த ஜெர்மானிய ஆசிரியத் தம்பதியிடம் அவர்கள் ஊர் நிலப் பதிவு முறையைப் பற்றி விசாரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எழுந்து மாதையனின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சுத்தமான கம்பைநல்லூர்த் தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சிரிப்பு. பெயர் கேட்டவர்களிடம் மாதே என்று சுருக்கிச் சொன்னார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் குழல் வைத்து உறிஞ்சும் ஒரு கசப்பு மூலிகைத் தேநீருக்கும் அதுதான் பெயராம். சமையற்காரர் வெளியே ஓடிவந்து அவருக்கு ஒரு குடுவை ஊற்றிக் கொடுத்தார். சிவப்பிரகாசம் என்ற என் பெயரை யாரும் பாதிக்கு மேல் உச்சரிக்கவில்லை.

விடியும் முன் எழுந்துவிட்டேன். அந்தப் பூங்காவில் நெருப்பு விஷயத்தில் கறார். சமைப்பதற்கென்று கட்டிய கொட்டகையைத் தவிர வேறெங்கும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. கொட்டகையில் ஒரு பிரேசில் பெண்ணிடம் பாத்திரம் இரவல் வாங்கி, மருமகனின் சின்ன அடுப்பில் சோறு வடித்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலில் ஒரு பங்கு கிளறினேன். எலுமிச்சை ஒன்று, தேங்காய்த்தூள் ஒன்று, தயிர் ஒன்று. ஐந்தாவதற்குச் சர்க்கரை போட்டு இனிப்பு. தாளிக்கும் வாசனையில் கூடாரவாசிகள் பலர் தலை நீட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பனியாறு பார்த்துத் திரும்பியதும், சம்பந்தி முன்னிலையில் மகளை உட்காரவைத்து ஐந்து டப்பாவையும் திறந்துவிடுவது என் திட்டம். முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்தால் ஆட்சேபணை வரும். இது முப்பது வருடத்துப் பாடம்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேன்மொழி கொட்டகைக்கு வந்தாள். தூக்கம் வரவில்லை என்றாள். டப்பாக்களைப் பார்த்தாள்.

"அஞ்சு தினுசாப்பா?"

"வழியில சாப்பிடறதுக்கும்மா."

அவள் கிட்டே வந்தாள். என் சட்டையில் ஒட்டியிருந்த கடுகு ஒன்றை எடுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

விடுதி அறைகளில் சமைத்த உணவை வைக்கக் கூடாது, எலி வரும் என்று கதவிலேயே எழுதியிருந்தது. மற்றவர்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் போகிறார்கள். எனக்கு அது வராது. டப்பாக்களை என் முதுகுப் பையிலேயே வைத்துக்கொண்டேன். சாயங்காலத்துச் சோறு காலையிலேயே என்னோடு மலை ஏறியது.

வழிகாட்டி இசபெல் ஐம்பது வயதுப் பெண். அப்பா ஆட்டு மந்தை மேய்த்தவராம். காற்றைப் பற்றிக் கேட்டேன். "காற்று இல்லாத நாளில்தான் எங்களுக்குப் பயம். ஏதோ நடக்கப்போகிறது என்று வீட்டை விட்டு வெளியே வந்து பார்ப்போம்" என்றாள். பாதையின் இருபுறமும் எரிந்துபோன மரங்கள். யாரோ எப்போதோ அஜாக்கிரதையாக வைத்த தீ. பட்டை உரிந்து, எலும்பு வெளுத்து, இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் காற்று நுழையும்போது மண்டபத்தில் சங்கு ஊதியது போல ஒலி வந்தது. அந்தக் கொட்டகை விதிக்குக் காரணம் எனக்கு அப்போது முழுசாக விளங்கியது.

ஏற்றம் முடிந்து மலைத்தோளில் பாதை குறுகியது. ஓர் ஆள் மட்டும் போகலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே ஏரி. நான் நின்றுவிட்டேன்.

"நீங்க முன்ன போங்க சம்பந்தி."

"அட, நீங்க போங்க. பொண்ணக் குடுத்தவங்க நீங்க."

"அதனாலதான் சொல்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால போறதுதான் முறை."

எங்கள் ஊரில் கல்யாண மண்டப வாசலில் இது பத்து நிமிடம் ஓடும். பந்தி ஆறிப்போகும். அங்கே எங்களுக்குப் பின்னால் பாதை அடைத்துக்கொண்டது. என்ன சண்டை என்று அந்த ஜெர்மானிய ஆசிரியர் இசபெல்லிடம் கேட்பது காதில் விழுந்தது. சண்டை இல்லை, மரியாதை என்று நான் திரும்பிச் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் காற்று வந்தது. முதலில் தொலைவில் லாரி ஏறுவது போல ஓசை. கீழே ஏரியின் தோல் உரிந்து தண்ணீர்ப் புகையாக எழும்பியது. உட்காருங்கள் என்று இசபெல் கத்தினாள். உட்காருவதற்குள் என்னை யாரோ சட்டையைப் பிடித்து விளிம்புப் பக்கம் இழுத்தது போல இருந்தது. ஒரு கால் தரையில் இல்லை. மாதையன் என் பையைப் பிடித்து இழுத்து என்னைப் பாறையோடு சாய்த்து, தன் உடம்பால் அமுக்கிக்கொண்டார். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியபோது விரல் பட்டதோடு சரி, அதற்குப் பிறகு நாங்கள் தொட்டுக்கொண்டதில்லை. இப்போது அவர் தாடை என் உச்சந்தலையில் இருந்தது. காற்று எங்கள் மேல் ஏறிப் போனது. கூழாங்கல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை.

ஓய்ந்ததும் இசபெல் என் பையை அவிழ்த்தாள். இந்தப் பாரத்தோடு நடந்தால் அடுத்த காற்று என்னைக் கொண்டுபோய்விடும், வேறு யாராவது சுமக்கட்டும் என்றாள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் எப்படிச் சுமப்பது என்றேன். யார் வீட்டுக்காரர் என்பது காற்றுக்குத் தெரியாது என்றாள். மாதையன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். முறைப்படியும் அவர்தான் முன்னால். நான் ஜெயித்த ஒரே வாதம் அது.

அவர் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இசபெல்லோடு மெதுவாகப் போனேன். வழியில் முட்செடி ஒன்றிலிருந்து கருநீலப் பழங்களைப் பறித்துக் கையில் வைத்தாள். நாவல்பழத்தின் தம்பி போல இருந்தது. இதைத் தின்றவர் மறுபடியும் இந்த மண்ணுக்கு வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. வர மறுத்தால் நடைமுறை என்ன என்று கேட்டேன். இதுவரை யாரும் மறுத்துக் கேள்விப்பட்டதில்லை என்றாள். உங்கள் மகள் வீட்டில் இந்தப் பழத்தின் ஜாம் பாட்டில் பாட்டிலாக இருக்குமே என்றும் சொன்னாள். இருந்தது. மலைக்குக் கிளம்பிய காலையில்கூடத் தேன்மொழி அதை ரொட்டியில் தடவித் தின்றாள்.

ஒரு திருப்பத்தில் பனியாறு தெரிந்தது. அடிவானத்திலிருந்து ஏரிவரைக்கும் உழுதுபோட்ட வயல் உறைந்தது போல. வெள்ளை என்று நினைத்திருந்தேன், வெடிப்புகளுக்குள் நீலம். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றியது மாதிரி. ஏரியில் பனித்துண்டுகள் மிதந்தன, ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம். ஓரத்துப் பாறைகளில் நீள நீளமாகக் கீறல்கள். பனி இழுத்துக்கொண்டு போன கற்கள் போட்ட கோடுகளாம். அந்தப் பனியில் ஒரே ஒரு துண்டு போதும், எங்கள் ஏரிகள் ஒரு வருடம் நிரம்பி நிற்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். போக்குவரத்துக்கு எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்குவது என்பதில் கணக்கு நின்றுவிட்டது. இந்தப் பனியும் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது, தன் சிறுவயதில் அதோ அந்தப் பாறைவரை இருந்தது என்று இசபெல் கை நீட்டினாள். அவள் காட்டிய பாறை வெகு தூரத்தில் தண்ணீருக்கு நடுவில் நின்றது. அப்போது மட்டும் எனக்குப் பொறாமை இல்லை.

பார்வை மேட்டுக்கு ஏறினோம். பெரிய பாறை ஒன்றின் மறைவில் ஒரு கூட்டம். ஜெர்மானியத் தம்பதி, பிரேசில் பெண், முன்பின் தெரியாத நாலைந்து பேர். நடுவில் சப்பணம் போட்டு மாதையன். மடியில் என் டப்பாக்கள். எல்லோர் உள்ளங்கையிலும் சோறு. கையால் எப்படிச் சாப்பிடுவது என்று அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் மூக்கில் தயிர். அவர் மனைவி புளிச்சோற்றை மென்றபடி அழுதுகொண்டிருந்தாள். காரத்தினாலா பனியாற்றினாலா என்று தெரியவில்லை.

"வாங்க சம்பந்தி. பசிச்சவங்கள வெச்சிக்கிட்டு எப்படீங்க மூடி வெக்கறது" என்றார் மாதையன்.

டப்பாக்களைப் பார்த்தேன். நான்கு காலி. இனிப்பில் ஒரு கவளம் மிச்சம். அதை அவர் என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

இது கட்டுச்சோறு, என் மகளுக்கானது என்று அங்கே சொன்னால், அத்தனை பேரும் எங்கள் வீட்டு வழக்கைக் கேட்டு வாயில் இருப்பதைத் துப்பிவிடுவார்கள். பாறை மேல் ஏறி உட்கார்ந்து பனியாற்றைப் பார்த்தேன். பெரும் சத்தத்தோடு ஒரு துண்டு உடைந்து ஏரியில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

திரும்பும் வழியில் யார் முன்னால் என்ற பேச்சு எழவில்லை. நான் முன்னால் நடந்துவிட்டேன். காற்று முதுகில் தள்ளியது. அதுவும் என்னை அவசரமாக அனுப்பிவைக்கவே பார்த்தது.

சாயங்காலம் விடுதியில், சக்திவேலும் இசபெல்லும் இருக்கும்போது மகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உனக்காகத்தான் கட்டினேன், உன் மாமனார் ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் பந்தி வைத்துவிட்டார் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. பிறகு சிரித்தாள்.

"சோறு தின்னவரு மாமாதானேப்பா? அப்ப முறைப்படி நீ மாமாவத்தான் ஊருக்குக் கூட்டிட்டுப் போவணும்."

சக்திவேல் அதை இசபெல்லுக்கு மொழிபெயர்த்தார். இசபெல் சமையற்காரருக்குச் சொன்னாள். சமையலறை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆச்சரியம், மாதையனும் சிரிக்கவில்லை.

"மொறைன்னா மொறதாங்க" என்றார். "நானும் கெளம்பறன்."

விளையாட்டு என்று நினைத்தோம். மறுநாள் படகிலும் அதையே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெட்டி கட்டிவிட்டார். சக்திவேல் கெஞ்சினார். அம்மா வருகிற நேரத்தில் நீங்கள் கிளம்புவதா என்றார். அம்மா வந்து பார்த்துக்கொள்ளட்டும், பிரசவ வீட்டில் கிழவனுக்கு என்ன வேலை, சம்பந்தி அவ்வளவு தூரம் ஒண்டியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். தேன்மொழி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கட்டுச்சோற்றை இரண்டாம் தடவை கட்டும் முறை கிடையாது, நான் தோற்றுப் போய்க் கிளம்பினேன். அவர் எல்லோர் கண்ணிலும் ஒரு படி உயர்ந்து கிளம்பினார். விட்டுக்கொடுப்பதில்கூட என்னை முந்திக்கொண்ட மனிதரோடு இரண்டு நாள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பறக்க வேண்டும்.

சாந்தியாகோ விமான நிலையத்தில் நீண்ட காத்திருப்பு. அவர் இரண்டு காபி வாங்கி வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, ஓடுபாதையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு வெடியக்காலம் நீங்க சோறு கட்டிக்கிட்டிருந்தப்ப தேனு எங்கிட்ட வந்துச்சுங்க."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அப்பா அஞ்சு தினுசு கட்டறாரு மாமா, அவரு கூப்புட்டா நான் எந்திரிச்சுப் போயிருவன், வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராதுன்னு அழுதுச்சு. எப்படியாவது பண்ணுங்கன்னுச்சு. நான் என்னங்க பண்றது. தின்னுட்டன்."

ஏன் வேண்டாமாம் என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

அவர் காபியைக் கீழே வைத்தார். "அம்மா இல்லாத வூட்டுக்குப் புள்ள பெத்துக்கப் போவ மனசு வரலைன்னுச்சு. நடையில கால வெச்சதும் தேடுவனாட்டம் இருக்குது மாமான்னுச்சு. இத உங்ககிட்ட எப்படீங்க சொல்லும்?"

அந்த வீட்டில் நான் மூன்று வருடமாகக் காலையும் மாலையும் கால் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் அதை அவள் சொன்ன இடம் அவர். அது உள்ளே எரிந்தது. உங்களிடம் சொல்லியிருக்கிறாளே என்றேன்.

"எங்கிட்டச் சொன்னது பெருசில்லீங்க சம்பந்தி. அசலாங்கிட்ட, வெளி ஆளுகிட்ட, ஆரு வேணும்னாலும் சொல்லிரலாம். மனசு நொந்துருமோன்னு பயப்படறது அப்பங்கிட்டத்தான்." பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "எம் மவன் எனக்கு அப்படிப் பயந்ததில்ல."

விமானத்துக்கு அழைத்தார்கள். வாயிலில் வரிசை. நீங்கள் முன்னால் போங்கள் என்று கை காட்டினேன். அவர் மறுக்காமல் போனார்.

தருமபுரி வந்து சேர்ந்தபின் நாட்கள் இழுத்துக்கொண்டே போயின. காலையில் மைதானத்தில் நடப்பேன். போனைக் கையிலேயே வைத்திருப்பேன். ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. வீடியோவில் தேன்மொழி. கண் உள்ளே போயிருந்தது. "பாருப்பா" என்றாள். துணிச்சுருளுக்குள் சிவந்த முகம், பெண் குழந்தை. ஜன்னல் கண்ணாடி அதிரும் ஓசை பின்னணியில் கேட்டது. குழந்தை அதற்கெல்லாம் அசரவில்லை. மூக்கு என் மனைவியின் மூக்கு. நான் சொல்வதற்கு முன் அவளே சொன்னாள்.

போன் வைத்ததும் கம்பைநல்லூருக்குச் சொல்ல வேண்டும் என்ற முறை நினைவுக்கு வந்தது. தகவல் முதலில் பெண் வீட்டுக்கு வந்தால், அவர்கள்தான் சம்பந்திக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கலாம், அவசரமில்லை என்று உள்ளே போய் ஒரு டீ போட்டேன். இந்த உலகத்தில் அந்தச் செய்தி என் ஒருவனிடம் மட்டும் இருந்த நேரம் அது. சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.

பிறகு அழைத்தேன். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றேன்.

"அப்படீங்களா சம்பந்தி" என்றார் மாதையன். குரலில் அத்தனை ஆச்சரியம். மண்டியில் விலை கேட்டு வியப்பவர்கள் அப்படித்தான் வியப்பார்கள். "எப்பங்க? எனக்கு ஒன்னுமே தெரியாதுங்களே."

அவர் மனைவி பிரசவ வார்டு வாசலிலேயே இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் குரலுக்குப் பின்னால் யாரோ, ஜிலேபி இன்னும் ரெண்டு கிலோ வாங்கட்டுங்களா, தெருக்கோடி வரைக்கும் குடுத்தாச்சுங்க என்று கேட்பது தெளிவாக விழுந்தது.

"இப்பத்தாங்க போன் வந்துச்சு" என்றேன். "முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்."